சத்துவாச்சாரி வீட்டில் ஆறடி மீன்தொட்டி: தரை மாற்றும் வேலைக்காக 27 நாள் இடமாற்றம்

ஆறடித் தொட்டியைக் காலி செய்து தூக்கிப் பின்னறையில் வைப்பது, ஆள் இருந்தால் ஒரு பகல் வேலை. மீன் சாவது பெரும்பாலும் அன்றைக்கு அல்ல. அதற்குப் பிந்தைய இரண்டு மூன்று வாரத்தில்தான் சாகிறது: ஃபில்டர் நின்றுபோகும், கரையான் மருந்துக்காரர் வருவார், எலெக்ட்ரீஷியன் மெயினை இறக்குவார். வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு தரைத்தள வீட்டில் நடந்த இடமாற்றத்தை அந்தக் கோணத்தில் பார்க்கலாம். வைகாசியில் வீட்டில் கல்யாணம். அதனால் பங்குனிக் கடைசியில் ஹால், சாப்பாட்டு அறை, சமையலறை மூன்றுக்கும் பழைய மொசைக்கைப் பெயர்த்து டைல்ஸ் போட முடிவானது. வெயில் ஏறும் காலம் என்பதால் இதைவிட மோசமான நேரம் கிடைக்காது. ஆனால் கல்யாண நாளை மீனுக்காகத் தள்ளிவைக்க முடியாது.

தொட்டியின் விவரம்

6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், 12 மி.மீ. கண்ணாடி. வழக்கமான மட்டத்துக்கு நிரப்பினால் சுமார் 600 லிட்டர். வெறும் கண்ணாடி மட்டும் எவ்வளவு எடை என்று பலர் கணக்குப் போடுவதில்லை. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ. ஐந்து பக்கமும் சேர்த்து இந்தத் தொட்டிக்கு 4 சதுர மீட்டருக்குச் சற்று மேல். மேல்விளிம்பைப் பிடித்து நிறுத்தும் கண்ணாடிப் பட்டையும் (பிரேஸ்) சேர்ந்தால் 130 கிலோ. அடியில் ஒன்றரை அங்குல மணல், சுமார் 65 கிலோ. எல்லாம் நிரம்பி ஸ்டாண்டோடு நிற்கும்போது 850 கிலோவை ஒட்டி வரும்.

உள்ளே இருந்தவை: முழு வளர்ச்சியடைந்த ஆஸ்கர் 2, சில்வர் டாலர் 6, ஒரு அடி நீளச் சக்கர் மீன் 1. ஃபில்டர் ஒரு பெரிய கேனிஸ்டர், அதாவது தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய டப்பா ஃபில்டர்.

“தொட்டி அங்கேயே இருக்கட்டும், சுத்திப் போட்டுடலாம்” என்பதுதான் மேஸ்திரியின் முதல் யோசனை. ஒரு சுவருக்கு மட்டும் பெயின்ட் என்றால் தார்ப்பாய் போர்த்தி ஒப்பேற்றலாம். தரையைப் பிரேக்கர் வைத்து உடைக்கும்போது அது நடக்காது. அதிர்வு ஸ்டாண்ட் வழியாகச் சிலிக்கான் இணைப்புக்குப் போகும். டைல்ஸ் வெட்டும் தூசியை ஏர் பம்ப் உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளும். தவிர, சுற்றியுள்ள தரை ஒரு மட்டம், தொட்டிக்கு அடியில் வேறொரு மட்டம் என்று நிரந்தரமாகத் தங்கிவிடும்.

தற்காலிகத் தொட்டி

500 லிட்டர் சின்டெக்ஸ் பலருக்கும் முதலில் தோன்றும். வாய் குறுகல், உள்ளே இருட்டு. மீனுக்கு என்ன ஆகிறது என்று தெரியாது, தேவைப்பட்டால் பிடிக்கவும் முடியாது. ஆஸ்கர் அளவு மீனுக்கு அது சரிப்படாது. நீல நிறப் பழைய டிரம்மைத் தொடவே கூடாது. முன்பு எந்தக் கெமிக்கல் இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது.

இங்கே போட்டது ஹாலோ பிளாக் தொட்டி. 8 அங்குலக் கல் 32, சிமென்ட் இல்லாமல் இரண்டு வரிசை. உள்ளளவு 6 அடிக்கு 3 அடி, உயரம் 16 அங்குலம். அடியில் பழைய போர்வை இரண்டு மடிப்பு, அதன்மேல் 12க்கு 9 அடி சில்பாலின் விரிப்பு. ஓரங்களைக் கல்லுக்கு மேலே மடித்துவிட்டார்கள். 13 அங்குலத் தண்ணீர் நிறுத்தினால் 550 லிட்டர். ஆழம் குறைவுதான், ஆனால் மேற்பரப்பு பழைய தொட்டியைவிட ஒன்றரை மடங்கு. ஆக்சிஜன் மேற்பரப்பு வழியாகத்தான் இறங்குகிறது என்பதால் இது லாபம்.

கவனிக்க வேண்டியது பக்கவாட்டுத் தள்ளுவிசை. 13 அங்குலம்தானே என்று தோன்றும். ஆறடிப் பக்கத்தை மட்டும் இந்தத் தண்ணீர் கிட்டத்தட்ட 100 கிலோ விசையோடு வெளியே தள்ளுகிறது. ஒட்டுப்போடாத காலி ஹாலோ பிளாக்குக்கு அது எல்லைக் கோடு. அதனால் கல்லின் துளைகளில் மணல் நிரப்பி, ஒவ்வொரு வரிசையையும் சுற்றி லாரியில் சரக்குக் கட்டும் ராட்செட் பெல்ட்டை இறுக்கினார்கள். நீளப் பக்கம் ஒன்று அறைச் சுவரை ஒட்டி நின்றது. தண்ணீர் விட்டதும் மற்ற நீளப் பக்கத்தின் நடுவில் ஒரு நூல் பிடித்து வளைவு இருக்கிறதா என்று பார்த்தபிறகே மீன் வந்தது.

இடம்: வடக்குப் பார்த்த பின்படுக்கையறை. போர்ட்டிகோ விசாலமாக இருந்தும் விட்டதற்குக் காரணம் மேற்கு வெயிலும், அங்கேதான் டைல்ஸ் கட்டர் வைக்கப் போகிறார்கள் என்பதும். பின்னறையில் பெயின்ட் வேலை மட்டும்தான். அதைத் தொட்டி திரும்பப் போனபிறகு கடைசியில் வைத்துக்கொள்ள மேஸ்திரி ஒப்புக்கொண்டார். தொட்டியின் இடமும் வேலையின் வரிசையும் ஒரே பேச்சில் முடிவாக வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது இடமாற்றம் வந்து சேரும்.

மூன்று வாரத்துக்கு முன்பே

பெரிய தொட்டிக்குள், ஏர் பம்ப் காற்றில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டைப் போட்டு ஓடவிட்டார்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதில்லை. ஸ்பாஞ்ச், செராமிக் வளையம், மணல் மாதிரிப் பரப்புகளில் ஒட்டி வளர்கிறது. அது படிய மூன்று வாரமாவது வேண்டும். கடைசி நாளில் வாங்கிய புது ஃபில்டரால் குப்பையைத்தான் பிடிக்க முடியும்.

அப்படியானால் பழைய தண்ணீரை ஏன் சேமிக்க வேண்டும்? டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு), பிஎச் (அமில-காரத் தன்மை) இரண்டும் திடீரென்று மாறக் கூடாது என்பதற்காக. இந்த வீட்டில் போர் தண்ணீர் டிடிஎஸ் 1250, மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் 320. தொட்டியில் இருந்தது 640, பிஎச் 8.1. குழாய்த் தண்ணீர் இரண்டு பங்கு, போர் ஒரு பங்கு கலந்தால் 630 வருகிறது. அதுவே அவர்கள் வழக்கமாகப் போடும் விகிதமும். 350 லிட்டர் பழைய தண்ணீரோடு இந்தக் கலவை 200 லிட்டர் சேர்த்து நிரப்பினார்கள். மொட்டைமாடியில் 500 லிட்டர் டேங்க் ஒன்றில் இதே கலவை எப்போதும் தயாராக இருந்தது. அந்த டேங்க் பின்னால் மானத்தைக் காப்பாற்றியது.

குளோரினை எடுக்க அக்வேரியம் கடையில் கிடைக்கும் ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட் படிகம். ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு ஏறக்குறைய ஏழு மில்லிகிராம் வேண்டும். லிட்டருக்கு 2 மி.கி. குளோரின் இருப்பதாக வைத்தால் 500 லிட்டருக்கு 7 முதல் 8 கிராம். ஒன்றரைத் தேக்கரண்டி வரும். பிளீச்சிங் வாடை தூக்கலாக இருக்கும் நாளில் இன்னொரு அரைத் தேக்கரண்டி போடலாம்.

மாற்றிய நாள்

இரண்டு நாள் முன்பிருந்தே தீனி இல்லை. காலை ஆறு மணிக்கே தொடங்கினார்கள்; பத்து மணிக்குமேல் பங்குனி வெயிலில் பக்கெட் தண்ணீரே சூடேறிவிடும்.

முதலில் சப்மெர்சிபிள் பம்பும் ஹோஸும் வைத்து, மணலைக் கலக்காமல் மேல்பாதித் தண்ணீரைப் புதுத் தொட்டிக்கு ஏற்றினார்கள். கேனிஸ்டர், இரண்டு வால்வையும் மூடி, திறக்காமல், கழுவாமல் அப்படியே போனது. இருபது நிமிடத்துக்குள் அங்கே ஓடியது. அதன்பின் ஸ்பாஞ்ச். பெரிய தொட்டியில் ஆறு அங்குலத் தண்ணீர் மிச்சமிருக்கும்போது மீன் பிடிப்பு. முழுத் தண்ணீரில் வலையோடு துரத்தினால் ஆஸ்கர் கண்ணாடியில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும். ஆஸ்கரைப் பெரிய பேசினுக்குள் ஓட்டி, தண்ணீரோடு தூக்க வேண்டும். சக்கர் மீனுக்கு வலையே ஆகாது. துடுப்பு முள் வலையில் மாட்டினால் வலையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஈரத்துண்டால் மூடிப் பிடிப்பது நல்லது. புது இடத்தில் ஆஸ்கர் இரண்டு மணி நேரம் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தது. அது கோபித்துக்கொள்ளும் மீன். மூச்சு சீராக இருந்தால் பயப்பட வேண்டாம். சில்வர் டாலர் தாவும் என்பதால் மேலே பச்சை ஷேட் நெட்டை இழுத்துக் கட்டினார்கள்.

மணல் கடைசியில்தான். அடியில் கறுத்த பகுதியைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாடை அடிக்கும். மீன் உள்ளே இருக்கும்போது அதைச் செய்யவே கூடாது. முறத்தால் அள்ளி, கழுவி, மூட்டையில் கட்டினார்கள். “மணல் கொஞ்சம் இருக்கட்டும், தூக்கிடலாம்” என்று ஆட்கள் சொல்வார்கள். 65 கிலோ ஒரு பக்கம் சரிந்தால் அடிக்கண்ணாடி முறுகும். இணைப்பு அன்றைக்குப் பிளக்காது, நிரப்பிய மறுநாள் கசியும்.

தூக்கியது ஆறு பேர்: அடிக்கண்ணாடிக்குக் கீழே இரண்டு பெல்ட், பக்கத்துக்குக் கண்ணாடிக்கடைச் சக்ஷன் கப். மேல் பிரேஸைப் பிடித்துத் தூக்கினால் பிரேஸ் கையோடு வந்துவிடும். காலித் தொட்டியைப் பிளைவுட்டின்மேல் 12 மி.மீ. தெர்மகோல் போட்டு, நிமிர்ந்த நிலையிலேயே, அதே பின்னறைச் சுவரோரம் வைத்தார்கள். அதன்மேல் சிமென்ட் மூட்டை அடுக்கக் கூடாது என்று சாக்பீஸால் எழுதியும் வைக்க நேர்ந்தது.

வெயிலும் ஐஸ் பாட்டிலும்

முதல் வாரமே அறை மதியத்தில் 36 டிகிரியைத் தொட்டது. 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8.2 மி.கி. ஆக்சிஜன் தாங்கும், 34 டிகிரியில் 7 தான். மீனின் தேவையோ சூட்டோடு ஏறும்.

ஃப்ரீசரில் உறையவைத்த ஒரு லிட்டர் பாட்டிலைப் போடுவது எல்லோரும் செய்வது. கணக்குப் பார்த்தால் 550 லிட்டரை அது கால் டிகிரிகூட இறக்காது. அதே தண்ணீரிலிருந்து ஒரே ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய ஒரு டிகிரிக்கான வெப்பம் வெளியேறும். சென்னையில் காற்றின் ஈரம் இதற்கு இடம் தராது. வேலூரின் காய்ந்த வெயிலில் டேபிள் ஃபேனே போதும். ஃபேனைத் தண்ணீரின் மேற்பரப்புக்குச் சாய்வாக வைத்து, எதிர் ஜன்னலைத் திறந்துவிட்டதும் தண்ணீர் 30, 31 டிகிரியில் நின்றது. இதற்கு விலை, நாளுக்கு எட்டுப் பத்து லிட்டர் இழப்பு. அதை ஈடுசெய்ய ஆர்ஓ கேன் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே தங்கும். போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் இரண்டு வாரத்தில் டிடிஎஸ் எங்கேயோ போயிருக்கும்.

தீனி ஒருநாள் விட்டு ஒருநாள், வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு.

கரையான் மருந்து, 6ஆம் நாள்

தரை பெயர்ந்து கிடக்கும்போதே கரையானுக்கு அடித்துவிடலாம் என்பார்கள், அது நியாயமும்கூட. ஆனால் வழக்கமாக அடிக்கும் குளோர்பைரிபாஸும் பைபென்த்ரினும் மீனுக்கு மிகச் சிறிய அளவிலேயே விஷம். இமிடாகுளோபிரிட் அந்த அளவுக்கு மீனைத் தாக்காது. அதைத்தான் அடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசி, பாட்டில் லேபிளைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். பின்னறைக் கதவிடுக்கில் ஈரத்துணி, தொட்டிமேல் பாலித்தீன், ஏர் பம்ப் ஜன்னலுக்கு வெளியே. மருந்து கலந்த பக்கெட், மக் எதுவும் பின்னறைப் பக்கம் வரவில்லை. பக்கெட் விஷயம் சின்னதாகத் தெரியும். ஆனால் சித்தாள் ஒருவர் சிமென்ட் பாண்டு கழுவ அவசரத்துக்கு மீன்தொட்டியில் தண்ணீர் மொள்வது எந்தக் கட்டட வேலையிலும் நடக்கக்கூடியது. சிமென்ட் பால் பிஎச் 12க்கு மேல். அறையைப் பூட்டிச் சாவியை வீட்டுக்காரம்மா வைத்துக்கொண்டதே சரியான வழி. டைல்ஸ் போட்டபின் ஆசிட் வாஷ் அன்றும் இதே ஏற்பாடு.

9ஆம் நாள்: ஆறேகால் மணி நேரம்

மாதாந்திர மின்தடைக்கு எல்லோரும் தயாராக இருப்பார்கள், இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று. இந்த வீட்டிலும் கேனிஸ்டர் இன்வெர்ட்டர் லைனில்தான் இருந்தது. அன்றைக்கு மாற்றியது டிஸ்ட்ரிபியூஷன் போர்டையே. போர்டைக் கழற்றினால் இன்வெர்ட்டர் லைனும் சேர்ந்தே செத்துவிடும்.

“மேஸ்திரி, இன்னிக்கு மெயின் எவ்ளோ நேரம் இருக்காது?”

“ஒரு அவர்தாம்மா. போர்டு மாத்தினதும் போட்டுருவாங்க. மீனுக்கு ஒன்னும் ஆவாது.”

காலை 10.30க்குப் போன கரன்ட் மாலை 4.45க்கு வந்தது. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று தயாராக இருந்ததால் மீனுக்கு மூச்சு நிற்கவில்லை. அதன் குழாயைக் காற்றைக் குமிழியாக்கும் ஏர் ஸ்டோனில் மாட்டாமல் ஸ்பாஞ்ச் ஃபில்டரில் மாட்டியிருந்தார்கள். ஒரே காற்றில் மீனும் பாக்டீரியாவும் பிழைத்தது. கேனிஸ்டருக்கு அந்த வாய்ப்பு இல்லை. மூடிய டப்பாவுக்குள் சிக்கிய கொஞ்சம் தண்ணீரில் இருந்த ஆக்சிஜனைப் பாக்டீரியா சீக்கிரமே தீர்த்துவிடும். பிறகு அதுவே சாகத் தொடங்கும், அழுகல் ஆரம்பிக்கும். கரன்ட் வந்ததும் கேனிஸ்டர் தானாக ஓடி, அந்தக் கறுத்த தண்ணீர் முழுவதையும் தொட்டிக்குள் தள்ளியது.

ஆறரை மணிக்கு மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. டெஸ்ட் கிட்டில் அம்மோனியா 1.0 பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மி.கி.), நைட்ரைட் 0.25. ஒரு பிபிஎம் பெரிதா என்று கேட்பவர்கள் பிஎச்சைப் பார்க்க வேண்டும். அம்மோனியாவின் விஷ வடிவம் எவ்வளவு என்பதைப் பிஎச்சும் சூடும்தான் தீர்மானிக்கின்றன. பிஎச் 7, 25 டிகிரியில் அரை சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். பிஎச் 8.1, 31 டிகிரியில் பத்து சதவீதம். வேலூர்த் தண்ணீரில் அதே 1.0 என்ற வாசிப்பு, மென்நீர் ஊரில் இருப்பதைப்போல் பதினேழு பதினெட்டு மடங்கு விஷம்.

செய்தது வரிசையாக: கேனிஸ்டரை நிறுத்தி, உள்தண்ணீரைச் சாக்கடையில் கொட்டி, மீடியாவை, அதாவது பாக்டீரியா ஒட்டி வளரும் உள்பொருள்களை, தொட்டித் தண்ணீரில் மட்டும் அலசினார்கள். மாடி டேங்கிலிருந்து பாதித் தண்ணீர் மாற்றம். லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கல் உப்பு 550 கிராம். நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறுவதை உப்பின் குளோரைடு தடுக்கிறது. தீனி முழு நிறுத்தம். மறுநாள் காலையில் சில்வர் டாலர் ஒன்று செத்திருந்தது. அதன்பின் தினமும் 25 சதவீதம் மாற்றம், எடுத்த தண்ணீருக்கு உண்டான உப்பு மட்டும் சேர்த்து. அம்மோனியா மூன்றாம் நாள் 0.25க்கு இறங்கியது, நைட்ரைட் 1.0 வரை ஏறிவிட்டு 16ஆம் நாள் இரண்டும் பூஜ்யம். ஸ்பாஞ்ச் ஒன்று உயிரோடு இருந்திராவிட்டால் இது நான்கைந்து வாரம் இழுத்திருக்கும்.

இதற்குச் செய்ய வேண்டியது எளிது. ஒரு மணி நேரத்துக்குமேல் கரன்ட் போகும் என்று தெரிந்தால் கேனிஸ்டர் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், தானாக ஓடாதபடி. மூடியைத் திறந்து மீடியாக் கூடைகளைத் தொட்டித் தண்ணீருக்குள்ளேயே, காற்றுக்குமிழி பக்கத்தில் இறக்கி வைத்தால் முழு நாளும் தாங்கும்.

திரும்ப வைத்தது

டைல்ஸ் வேலை 12ஆம் நாள் தொடங்கியது. ஸ்டாண்ட் நிற்கும் மூலையை முதலில் போடச் சொன்னார்கள்; மற்ற இடம் முடிவதற்குள் அந்த மூலைக்கு 15 நாள் கிடைத்தது. அடியில் கலவை முழுப் பரப்புக்கும் இருக்க வேண்டும். நான்கு மூலையும் நடுவில் ஒரு குவியலும் வைத்து ஒட்டினால் ஸ்டாண்ட் கால் விழுமிடத்தில் டைல் பிளக்கும். நாணயத்தால் தட்டிப் பார்த்ததில் ஒரு டைல் உள்ளே காலி என்று சத்தம் சொன்னது. அன்றே பெயர்த்து மறுபடி போட்டார்கள்.

27ஆம் நாள் ஸ்டாண்டை வைத்து ரசமட்டம் பார்த்ததில் நீளவாக்கில் 4 மி.மீ. வித்தியாசம். தொட்டிக்கும் தெர்மகோலுக்கும் நடுவே அட்டை செருகக் கூடாது, அழுத்தம் ஒரே புள்ளியில் விழும். ஸ்டாண்ட் காலுக்கு அடியில் இரும்புப் பட்டை கொடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். அப்படியே செய்தார்கள். மூன்றில் ஒரு பங்கு நிரப்பி, அடியோரத்தில் செய்தித்தாள் விரித்து இரண்டு மணி நேரம். பாதிக்கு நிரப்பி மறுபடி. முழுதாக ஓர் இரவு. தாள் நனையவில்லை. காலையில் சோதனைத் தண்ணீரை இறக்கி, மணல் போட்டு, ஹாலோ பிளாக் தொட்டியின் தண்ணீரில் பாதியும் மாடி டேங்கின் கலவையும் ஏற்றி, கேனிஸ்டர், ஸ்பாஞ்ச், கடைசியில் மீன்.

வயரிங்கில் ஒரு மாற்றம். புது போர்டில் வீட்டுக்கு 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) வந்தது. பாத்ரூம் கீசர் கசிவுக்கு அது விழுந்தால் ஃபில்டரும் நின்றுவிடும். ஆகவே தொட்டிக்குத் தனி ஆர்சிசிபி, தனி எம்சிபி. பிளக் பாயின்ட் தொட்டிக்கு நேர்க்கீழே இல்லாமல் ஓரடி தள்ளி. ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்கு வருமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறுகிறது, தண்ணீர் வழிந்தால் தரையில் சொட்டும்.

அடுத்த இரண்டு வாரமும் ஒருநாள் விட்டு ஒருநாள் அம்மோனியா சோதனை, ஒருமுறைகூட 0.25ஐத் தாண்டவில்லை. ஸ்பாஞ்ச் இரண்டையும் எடுக்கவில்லை, கேனிஸ்டரோடு சேர்ந்து ஓடுகிறது. பதினைந்து நாள் கழித்து மட்டம் மறுபடி பார்த்தார்கள், தரை இறங்கவில்லை. பின்னறைப் பெயின்ட்டை அதன் பிறகே தொடங்கினார்கள், ஹால் கதவை மூடிவிட்டு.